கடைசி வரிக்குக் கீழே ஐந்து பெயர்கள்

என் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் கையில் ஒரு பழைய நோட்டீஸ் இருக்கும். அதை மேசையில் விரித்து வைத்து, "இதே எழுத்துல வேணுங்க" என்பார்கள். அந்த எழுத்துக்கு என்ன பெயர், எந்தக் கடையில் அடித்தது, ஒன்றும் தெரியாது. அண்ணன் கல்யாணத்துக்கு இப்படி அடித்தோம், தம்பி கல்யாணத்துக்கும் இப்படியே இருக்க வேண்டும், அவ்வளவுதான். இல்லாவிட்டால் வரப்போகிற தம்பி பொண்டாட்டி வாழ்நாள் முழுக்க அதைச் சொல்லிக் காட்டுவாள்.

பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில் டிடிபி கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, காதணி விழா, கண்ணீர் அஞ்சலி, ரஞ்சன்குடிக் கோட்டை படம் போட்ட பள்ளிக்கூட ஆண்டு விழா பேனர், எல்லாம் செய்வேன். ஆனால் ஊரில் என் பெயர் பரவியது எழுத்தைக் கண்டுபிடிப்பதில்தான். எந்த நோட்டீஸைக் காட்டினாலும் அது எந்த ஃபாண்ட் என்று இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடுவேன்.

முதலில் மூன்று சுழி ண எங்கே இருக்கிறது என்று தேடுவேன். மூன்று சுழியும் ஒரே அளவா, நடுச்சுழியை நெருக்கி ஒடுக்கியிருக்கிறார்களா என்று பார்ப்பேன். அப்புறம் ழ. அதன் வால் எவ்வளவு கீழே இறங்குகிறது, இறங்கி உள்ளே சுருள்கிறதா, வெளியே போகிறதா. அப்புறம் மெய்யெழுத்தின் புள்ளி. வட்டமாக வைப்பார்கள், சதுரமாக வைப்பார்கள், சாய்த்த சதுரமாகவும் வைப்பார்கள். அ-வைப் பார்த்து ஒரு பிரயோஜனமும் கிடையாது. முதல் எழுத்து என்பதால் அதை எல்லோரும் மெனக்கெட்டு வரைந்துவிடுவார்கள். ஞ, நூ, லை மாதிரி யாரும் உற்றுப் பார்க்காத எழுத்துகளில்தான் வரைந்தவரின் சோம்பேறித்தனம் தெரியும்.

போனில் படம் எடுத்தால் ஃபாண்ட் பெயரைச் சொல்லும் ஆப் இப்போது வந்திருக்கிறது. ஒருமுறை மஞ்சள் நீராட்டு விழா நோட்டீஸைக் காட்டிப் பார்த்தேன். ஏதோ ஓர் இங்கிலீஷ் எழுத்தின் பெயரைச் சொல்லி, அது நிச்சயம் என்றும் சொன்னது. அன்றோடு அந்த ஆப்பை எடுத்துவிட்டேன்.

நான் இதைக் கற்றுக்கொண்டது அரியலூரில், திட்டு வாங்கி. பிளஸ் டூ முடித்த கையோடு அங்கே ஒரு டிடிபி சென்டரில் சேர்ந்தேன். அந்தக் கம்ப்யூட்டரில் நூற்றுக்கணக்கில் தமிழ் ஃபாண்ட் கிடந்தது. அப்போது ஒவ்வொரு ஃபாண்டுக்கும் உள்ளே எழுத்துகளின் வரிசை வேறு வேறு. ஒன்றில் அடித்ததை இன்னொன்றுக்கு மாற்றினால் மாப்பிள்ளை பெயர் இருந்த இடத்தில் கேள்விக்குறியும் டாலர் குறியும் வந்து நிற்கும். ஓனர் கத்துவார். அதனால் ஒரு நாற்பது பக்க நோட்டில் ஒவ்வொரு ஃபாண்டுக்கும் பத்து எழுத்தைப் பிரிண்ட் எடுத்து ஒட்டி, பக்கத்தில் பெயரை எழுதி வைத்துக்கொண்டேன். ஒரு வருடத்தில் நோட்டு தேவைப்படவில்லை. பஸ்ஸில் போகும்போது சுவரில் இருக்கும் எழுத்தெல்லாம் பெயரோடுதான் கண்ணில் படும்.

இந்த ஒன்றில் எனக்குத் திமிர் உண்டு. வாயும் கொஞ்சம் நீளம். இரண்டும் இருந்தும் பேச வேண்டிய ஒரு நாளில் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். அதைத்தான் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் செந்துறைக்குப் பக்கம், முந்திரிக்காட்டு ஊர். ஊர் ஒரு பக்கம், எங்கள் தெரு ஒரு பக்கம், நடுவில் ஓடை. அப்பா ரெட்டிபாளையத்தில் ஒரு காண்ட்ராக்டரிடம் லாரிக்கு சிமெண்ட் மூட்டை ஏற்றும் வேலை பார்த்தார். பள்ளிக்கூடத்துப் பக்கம் போனதில்லை. கைநாட்டு என்று மேஸ்திரி ஒருநாள் எல்லோர் முன்னாலும் கிண்டல் செய்துவிட்டான் என்று ஒரே வாரத்தில் தன் பெயரை மட்டும் போடப் பழகிக்கொண்டார். அதை எழுதுவது என்று சொல்ல முடியாது, வரைவார். சில நாள் கடைசி எழுத்திலிருந்து ஆரம்பித்து முதல் எழுத்துக்கு வருவார். எப்படி வந்தாலும் முடிவில் அவர் பெயர் சரியாக இருக்கும்.

பஸ் போர்டு அவருக்குப் படிக்க வராது. ஆனால் தன் பெயரை எங்கே பார்த்தாலும் நின்றுவிடுவார். அரியலூரில் அதே பெயரில் ஒரு பாத்திரக்கடை இருந்தது. அந்தக் கடையைத் தாண்டும்போதெல்லாம் ஒரு தடவை நிமிர்ந்து பார்ப்பார். அந்தப் பெயரின் நடுவில் ஒரு மூன்று சுழி ண உண்டு, அதன் தலையில் ஒரு கொக்கி, கடைசியில் ஒரு புள்ளி. இதற்கு மேல் சொல்ல மாட்டேன். இதில் யார் பெயரும் வேண்டாம், பெயரால் பட்டது போதும்.

பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் ஊர்க் கோயிலில் கும்பாபிஷேகம் வைத்தார்கள். கோயில் குளம் முழுக்கச் சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்தது. கமிட்டியிலிருந்து இரண்டு பேர் ஓடையைத் தாண்டி எங்கள் தெருவுக்கு வந்தார்கள். எல்லோரும் சேர்ந்து செய்கிற காரியம் என்றார்கள். உங்கள் தெரு ஆட்கள் பெயரும் நோட்டீஸில் வரும் என்றார்கள். அப்பா லீவு போட்டுவிட்டுத் தெரு ஆட்களைக் கூட்டிக்கொண்டு குளத்தில் இறங்கினார். பத்துப் பன்னிரண்டு நாள் வெட்டினார்கள், வேரோடு தோண்டினார்கள். அப்பாவுக்குப் பாதத்தில் முள் ஏறி ஒடிந்து, செந்துறை ஆஸ்பத்திரியில் கீறி எடுத்தார்கள். கட்டுப் போட்ட காலோடு மறுநாளும் போனார்.

சொன்னபடியே நோட்டீஸில் பெயர் வந்தது. கமிட்டிக்காரர் ஒருவரே தெருவுக்கு வந்து வீட்டுக்கு ஒன்றாகக் கொடுத்துவிட்டுப் போனார். கமிட்டியார் பெயர்கள் எல்லாம் முடிந்த பிறகு, அடியில், குளத்துத் திருப்பணிக்கு உதவியவர்கள் என்று போட்டு எங்கள் தெரு ஆட்கள் ஐந்து பேர். அப்பா மூன்றாவது. அன்றைக்கே செந்துறைக்குப் போய் லேமினேஷன் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். அதை வீட்டில் மாட்டினார். ஆனால் அது ஆணியில் இருந்த நேரத்தை விட அவர் பையில் இருந்த நேரம் அதிகம். ரெட்டிபாளையத்துக்கு எடுத்துக்கொண்டு போய் மேஸ்திரியிடம் காட்டினார். டீக்கடையில் காட்டினார். எங்கள் சொந்தக்காரர் யார் வந்தாலும் முதலில் தண்ணீர், அடுத்தது நோட்டீஸ்.

நான் அந்த ஞாயிற்றுக்கிழமை அரியலூரிலிருந்து வந்தேன். திண்ணையில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றுவதற்குள் அப்பா அதைக் கொண்டுவந்து மடியில் வைத்தார்.

"படிச்சுக் காட்டு பாப்பா. சத்தமா படி."

மேலிருந்து படித்துக்கொண்டே வந்தேன். கடைசி ஐந்து பெயர்களுக்கு வந்ததும் என் கண் நின்றது. மேலே உள்ள ண-வில் நடுச்சுழி ஒடுங்கியிருந்தது. அப்பாவின் பெயரில் உள்ள ண-வில் மூன்று சுழியும் ஒரே அளவு. மேலே புள்ளி வட்டம். கீழே சாய்த்த சதுரம். இரண்டும் வேறு ஃபாண்ட். இதைப் பார்க்க எனக்கு ஒரு நொடி கூட ஆகவில்லை.

பார்த்த அடுத்த நொடியே காரணமும் சொல்லிக்கொண்டேன். பெயர்களைக் கடைசி நேரத்தில் கொடுத்திருப்பார்கள். அச்சுக்குப் பிளேட் போடப் போகிற அவசரத்தில் வேறு ஆள் சேர்த்திருப்பான். அவனிடம் அந்த ஃபாண்ட் இருந்திருக்காது. எங்கள் சென்டரிலேயே வாரம் ஒருமுறை நடப்பதுதான். இது ஆயிரக்கணக்கில் ஆப்செட்டில் அடித்ததா, பத்து இருபது மட்டும் லேசர் பிரிண்டரில் எடுத்ததா என்று விரலால் தடவிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். ஆனால் லேமினேஷனுக்குள் போய்விட்டால் ஆப்செட் மையும் லேசர் டோனரும் ஒன்றுதான். தடவிப் பார்க்க முடியாமல் போனதில் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது. அதை இப்போது மறைக்க விரும்பவில்லை.

"என்னா நிறுத்திட்ட?" என்றார் அப்பா.

"ஒண்ணுமில்லப்பா" என்று சொல்லிவிட்டு அவர் பெயரைச் சத்தமாகப் படித்தேன். இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். படித்தேன்.

ஊர்ச் சுவர்களிலும் செந்துறை பஸ் ஸ்டாண்டிலும் நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். எங்கள் தெருவில் யாரும் அதன் அடிவரை நின்று படிக்கவில்லை. வீட்டில்தான் ஒன்று இருக்கிறதே, சுவரில் எதற்குப் பார்க்க வேண்டும்? கும்பாபிஷேகத்தன்று நாங்கள் குளத்தங்கரையில் நின்று கோபுரத்தைப் பார்த்தோம். கூட்டம் அதிகம், அதனால்தான் எங்களை இங்கேயே நிற்கச் சொல்லியிருக்கிறார்கள் என்று அப்பா பக்கத்தில் இருந்தவர்களுக்குச் சொன்னார். அவரிடமும் ஒரு காரணம் கைவசம் இருந்தது.

அதன் பிறகு எனக்குக் கல்யாணமாகிப் பெரம்பலூர் வந்தேன். கடை போட்டேன். அப்பா மூட்டை தூக்கி மூட்டை தூக்கி முட்டி தேய்ந்து வேலையை விட்டார். பன்னிரண்டு வருடம் ஆகிவிட்டது, மறுபடியும் கும்பாபிஷேகம் வைக்க வேண்டும் என்று ஊரில் பேச்சு வந்தது. மறுபடியும் குளத்தில் கருவேலம். மறுபடியும் கமிட்டி ஓடையைத் தாண்டி வந்தது. அறுபத்தைந்து வயதைத் தாண்டிய மனிதர், படி இறங்கவே சுவரைப் பிடிக்கிறவர், அரிவாளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். போனில் நான் கத்தினேன்.

"சும்மா இரு பாப்பா. போன தடவ மூணாவதா இருந்தேன். மேல இருந்த ரெண்டு பேரும் போய்ச் சேந்துட்டாங்க. இந்தத் தடவ எம்பேருதான் மொதல்ல வரும்னு சொல்லியிருக்காங்க."

இது நடந்து ஒரு வாரம் இருக்கும். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கடைக்கு ஒருவர் வந்தார். வெள்ளைச் சட்டை, அறுபது வயதுக்கு மேல், கக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் ஃபைல். பார்த்ததும் எனக்கு ஆளைத் தெரிந்துவிட்டது. பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒன்றாக நோட்டீஸ் கொடுத்தவர் அவர்தான். அவருக்கு என்னைத் தெரியவில்லை. தெரிய வேண்டிய அவசியம் அவருக்கு எப்போதும் இருந்ததில்லை.

"எந்த எழுத்தக் காட்டுனாலும் கண்டுபுடிச்சிரும் அந்தப் பொண்ணுன்னு அரியலூர்ல சொன்னாங்க. நீங்கதானா அது?" என்று உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் அடுத்த கேள்வி. "நீங்க எந்தப் பக்கம்மா?"

அது எதற்காகக் கேட்கிற கேள்வி என்று எனக்குத் தெரியும். "பெரம்பலூர்தாங்க" என்றேன். அவருக்கு அது போதுமானதாக இருந்தது. கடையில் ஏசி ஓடுகிறது, பொண்ணு சுத்தமாகப் பேசுகிறது, நம்ம ஆளாகத்தான் இருக்கும் என்று அவரே முடிவு செய்துகொண்டார் போல.

ஃபைலிலிருந்து பழைய நோட்டீஸை எடுத்து விரித்தார். மஞ்சள் தாளில் சிவப்பு எழுத்து. "போன தடவ அடிச்சது. அந்த பிரஸ்ஸையே மூடிட்டாங்க. இதே மாதிரி, இதே எழுத்துல வேணும். அய்யரும் அதான் ராசின்னுட்டாரு."

ண-வைப் பார்த்தேன். நடுச்சுழி ஒடுங்கியிருந்தது. புள்ளி வட்டம். அந்த ஃபாண்ட் என்னிடம் இருந்தது. வேலை முடிந்தது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் என் கண் தானாகவே அடிக்குப் போயிற்று. கமிட்டியார் பெயர்கள், அதன் கீழே கிராமப் பொதுமக்கள் என்று ஒரு வரி, அதோடு பார்டர் கோடு. ஐந்து பெயர் இல்லை. இருந்த தடமே இல்லை. ஒரு வரி நுழைக்கக்கூட இடம் விட்டிருக்கவில்லை. தாளைத் திருப்பிப் பார்த்தேன், பின்னால் ஒன்றும் இல்லை.

"இதுக்குக் கீழ வேற ஒண்ணும் இல்லீங்களா?" என்று கேட்டேன்.

அவர் நெற்றியில் தட்டிக்கொண்டார். "அடடா, நல்ல வேள கேட்டீங்க. அது வேற ஒண்ணு இருக்கு. இது நம்ம ஆளுங்களுக்கு, ஊர் ஊரா குடுக்கறதுக்கு. அந்தத் தெருவுக்குன்னு தனியா ஒரு இருவது காப்பி எடுக்கணும். இதே நோட்டீஸு, கீழ மட்டும் அவனுங்க பேரு ஒரு அஞ்சு. அது அவனுங்க கையில குடுக்க. போன தடவ அப்படித்தான் பண்ணோம், ஒரு பிரச்சனையும் வரல."

தாளை மறுபடி முன்பக்கமாகத் திருப்பி வைத்தேன். அவரே மேலும் சொன்னார்.

"என்னான்னா, போன தடவ அவசரத்துல வேற எழுத்துல சேத்துட்டான் அந்த பிரஸ்காரன். யாரும் கவனிக்கல வைங்க. ஆனா இப்ப அந்தத் தெருவுல படிச்ச பசங்க வந்துட்டானுங்க. ரெண்டும் ஒரே எழுத்தா இருந்துட்டா வம்பு இல்ல பாருங்க. அதுக்குத்தான் இவ்வளவு தூரம் உங்களத் தேடி வந்தேன்."

சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்து வைத்தார். ஐந்து பெயர். முதல் பெயர் அப்பா. அதில் விரலை வைத்துச் சிரித்தார். "இந்தாளு இருக்காரே, போன தடவ குடுத்த நோட்டீஸ லேமினேஷன் போட்டு வூட்டுல மாட்டி வச்சிருக்காராம். சொன்னாங்க."

எனக்கு ஆத்திரம் அப்புறம்தான் வந்தது. முதலில் வந்தது வெட்கம். எந்த எழுத்தையும் கண்டுபிடிப்பாள் என்று பேர் வாங்கியவள், மடியில் வைத்துப் படித்தபோது தெரிந்த ஒன்றுக்கு அவர்கள் சார்பில் காரணம் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். பிரஸ்காரனுக்குக்கூட அந்தப் பொய்யை ஒழுங்காகச் செய்ய வரவில்லை. எல்லாவற்றையும் அப்படியே என் கண் முன்னால் வைத்துவிட்டுப் போயிருந்தான். நான்தான் அதைப் பூசி மெழுகினேன். இப்போது அந்தப் பொய்யைத் திருத்தமாகச் செய்துகொடுக்க என்னிடமே வந்திருக்கிறார்கள்.

முகத்தில் எதையும் காட்டாமல், "நாளைக்குப் புரூஃப் அனுப்பறேங்க" என்றேன். போகும்போது, "நல்லா வந்தா மத்த வேலையும் ஒங்களுக்குத்தான்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

முடியாது என்று சொல்லி அனுப்பியிருக்கலாம். சொன்னால் அரியலூரிலோ ஜெயங்கொண்டத்திலோ வேறு ஒருத்தர் செய்து கொடுப்பார். அப்பாவிடம் சொல்லியிருக்கலாம். அன்று சாயங்காலம் போன் செய்தேன். குளத்தில் பாதி முடிந்துவிட்டது என்றார். கை முழுக்க முள் கீறல், ஆனால் வேலை சுத்தம் என்றார். அந்தக் குரலைக் கேட்ட பிறகு எனக்கு வாய் வரவில்லை. வாய் நீளம் என்று சொன்னேனே, அதெல்லாம் அடுத்தவர்களிடம்தான்.

இரண்டு புரூஃப் தயார் செய்தேன். ஒன்று ஐந்து பெயர் இல்லாதது, ஒன்று உள்ளது. இரண்டையும் அவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். இரண்டுக்கும் கட்டைவிரல் வந்தது. அப்புறம் திருச்சி ஆப்செட்டுக்கு ஒன்றை மட்டும் அனுப்பினேன். ஐந்து பெயர் உள்ளதை. ஊருக்கு அடிக்க வேண்டிய மொத்தத்தையும் அதிலேயே அடிக்கச் சொன்னேன்.

என் வாழ்க்கையில் அவ்வளவு ஒட்டிப் பொருந்திய வேலை வேறு செய்ததில்லை. அதே ஃபாண்ட், அதே அளவு, அதே தடிமன். மேலே உள்ள ண-வையும் அப்பா பெயரில் உள்ள ண-வையும் வெட்டி மாற்றி வைத்தால் எனக்கே தெரியாது. ஒரே சிக்கல் இடம். அந்த நோட்டீஸில் எங்களுக்கு இடமே கிடையாது. மேலே வரிகளை நெருக்கி, குளத்துத் திருப்பணி என்ற தலைப்பைக்கூட விட்டுவிட்டு, கிராமப் பொதுமக்கள் என்ற வரிக்கும் அப்பா பெயருக்கும் நடுவில் மயிரிழை இடைவெளி விட்டுத்தான் நுழைக்க முடிந்தது. கட்டுகளைத் திருச்சியிலிருந்து நேரே அவருக்கே பஸ் பார்சலில் போடச் சொல்லிவிட்டேன். ஊர் ஊராகக் கொடுக்க ஆரம்பிப்பதற்கு முந்தைய நாள்தான் போய்ச் சேரும்படி பார்த்துக்கொண்டேன். மறுபடி அடிக்க நேரம் இருக்காது என்பது என் கணக்கு.

கட்டுகள் போய்ச் சேர்ந்த மறுநாள் காலையில் போன் வந்தது.

"என்னம்மா பண்ணி வச்சிருக்கீங்க? எல்லாத்துலயும் அந்தப் பேரு இருக்கு!"

"ஃபைல் மாறிப்போச்சு போலங்க."

"மாறிப்போச்சா? எப்படி மாறும்?" கொஞ்ச நேரம் கத்தினார். அப்புறம் குரல் இறங்கியது. யோசிக்கிறார் என்று தெரிந்தது. நீங்க போய் நீ வந்தது. "நீ எந்தத் தெரு?"

"அந்த அஞ்சு பேர்ல மொதப் பேரு எங்கப்பாவுதுங்க" என்றேன்.

போனை வைத்துவிட்டார். எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. மத்தியானம் பக்கத்துக் கடையிலிருந்து பிரியாணி வாங்கித் தனியாக உட்கார்ந்து தின்றேன். இந்நேரம் அப்பா பெயர் உடையார்பாளையம் வரை போயிருக்கும், ஜெயங்கொண்டம் வரை போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு எதிரிகளைப் பற்றி ஒன்றும் தெரியாது, எழுத்தைப் பற்றித்தான் தெரியும் என்பது இரண்டு நாள் கழித்து விளங்கியது.

இரண்டு நாள் கழித்து அப்பா கடை வாசலில் நின்றுகொண்டிருந்தார். அதுவரை அவர் தனியாகப் பெரம்பலூர் வந்ததே இல்லை. செந்துறையிலிருந்து அரியலூர், அங்கே பஸ் மாற வேண்டும், போர்டு படிக்க வராது. யார் யாரையோ கேட்டு வந்திருக்கிறார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. கையில் இருந்த மஞ்சப்பையிலிருந்து ஒரு நோட்டீஸை எடுத்து, எல்லோரும் செய்வதைப் போலவே என் மேசையில் விரித்தார்.

"பாப்பா, இத செத்தப் பாரு. செந்துறை பஸ் ஸ்டாண்டு டீக்கடையில ஒட்டியிருந்தது. கிழிச்சிட்டு வந்தேன்."

நான் அடித்த நோட்டீஸ்தான். ஆனால் குட்டையாக இருந்தது. அடியில் பார்டர் கோடு இல்லை. மறுபடி அடிக்க நேரமில்லை என்று நான் போட்ட கணக்கு சரி. அவர்கள் மறுபடி அடிக்கவில்லை. கட்டுகளை ஏதோ ஒரு பிரஸ்ஸுக்குக் கொண்டுபோய் கட்டிங் மெஷினில் வைத்து அடிப்பகுதியை வெட்டிவிட்டார்கள். அதில்தான் ஒரு சங்கடம் வந்திருக்கிறது. நான் விட்டிருந்த இடைவெளி மயிரிழை. ஒட்டி வெட்டினால் மேலே உள்ள வரியில் கத்தி படும். அதனால் கொஞ்சம் கீழே தள்ளி வெட்டியிருக்கிறார்கள். கத்தி அப்பாவின் பெயருக்கு நடுவில் போயிருந்தது. எழுத்துகளின் மேல்பாதி மட்டும் நின்றது.

அப்பா அந்த விளிம்பில் விரலை வைத்தார்.

"இது எம்பேருதான?"

படிக்கத் தெரிந்த யாருக்கும் அது பெயராகத் தெரிந்திருக்காது. வெட்டுப்பட்ட விளிம்பில் ஏதோ சிவப்புக் கோடுகள் என்று போயிருப்பார்கள். "எப்படிப்பா தெரிஞ்சுது?" என்று கேட்டேன்.

"எம்பேரு எனக்குத் தெரியாதா? கொக்கி இருக்கு. இங்க புள்ளி இருக்கு. கீழதான் காணோம்." அவர் விரல் அந்த விளிம்பிலேயே இருந்தது. "தெருவுக்குக் குடுத்ததுல எம்பேரு முழுசா இருக்கே பாப்பா. டீக்கடையில மட்டும் எப்படி இப்படி வெட்டுச்சு?"

தெருவுக்கு வெட்டாமல் இருபதை எடுத்து வைத்திருக்கிறார்கள். என் வேலை அவர்களுக்கு எந்த நஷ்டத்தையும் செய்யவில்லை. தனியாக இருபது பிரிண்ட் எடுக்கும் வேலை அவர்களுக்கு மிச்சமானதுதான் கண்ட பலன்.

இதற்கு மேல் ஒளிக்க ஒன்றும் இல்லை. நடந்ததைச் சொன்னேன். வெள்ளைச் சட்டைக்காரர் கடைக்கு வந்தது, அவர் சொன்னது, நான் ஃபைலை மாற்றி அனுப்பியது, எல்லாம். நான் முடித்ததும் அப்பா பைக்குள் கையை விட்டு இன்னொன்றை எடுத்தார். லேமினேஷன் போட்டது. பன்னிரண்டு வருடத்தில் அதன் ஓரங்கள் பழுத்து, ஒரு மூலை பிரிந்திருந்தது. அதை வெட்டிய நோட்டீஸுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"அப்ப இதுவும் தெருவுக்கு மட்டும் அடிச்சதா?"

"ஆமாம்ப்பா."

"மேஸ்திரிகிட்ட எல்லாம் காட்டுனனே" என்றார். அப்புறம் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். என்னைப் போலவே, எழுத்து எழுத்தாக. லேமினேஷனில் மேலே ஒரு இடத்தில் விரலை வைத்தார், அப்புறம் தன் பெயரில் வைத்தார். "மேல இருக்கற எழுத்தும் இதுவும் வேற மாதிரி இருக்குல்ல?"

"வேறதாம்ப்பா."

"ஒனக்கு இது எப்பத் தெரியும்?"

போன மாதம் அந்த ஆள் வந்தபோதுதான் தெரியும் என்று சொல்லியிருக்கலாம். அவர் நம்பியிருப்பார். நான் படித்துக் காட்டிய எதையும் அவர் நம்பாமல் இருந்ததில்லை. அதனாலேயே சொல்ல முடியவில்லை.

"மொத நாளே தெரியும்ப்பா. நீங்க படிச்சுக் காட்டச் சொன்னீங்கள்ல, அன்னைக்கே."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குப் பரவாயில்லை. உள்ளங்கையைத் திருப்பி, இன்னும் ஆறாத முள் கீறல்களைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டே சொன்னார்.

"அன்னைக்கே சொல்லியிருந்தின்னா, இந்தத் தடவ நான் கொளத்துல எறங்கியிருக்க மாட்டனே பாப்பா."

சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்றேன். வேண்டாம் என்றார். செந்துறைக்குப் போக எந்த பஸ்ஸில் ஏற வேண்டும் என்று மட்டும் காட்டச் சொன்னார். கடையைப் பூட்டிக்கொண்டு கூடப் போய் அரியலூர் பஸ்ஸில் ஜன்னல் ஓரமாக உட்கார வைத்தேன். பஸ் கிளம்பும் வரை நின்றேன், அவர் மஞ்சப்பையை மடியில் வைத்துக்கொண்டு முன்னால் பார்த்தபடி இருந்தார். திரும்பி வந்து கடையைத் திறந்தால், இரண்டு நோட்டீஸையும் மேசையிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தார்.